பதினேழு வினாடி

டெட்ராய்ட்டில், ஆறாவது மாடியில்,
முன்பு கணக்குப் பிரிவு இருந்த அறையில்
இப்போது படப் பிரிவு இருக்கிறது.
பெயர்ப் பலகையை மாற்றினார்கள்;
ஜன்னல் இடுக்கில் நுழையும் காற்றை
மாற்ற முடியவில்லை.
பாட்டு விற்றது போதாதென்று
பாட்டின் கதையை விற்க வந்தவர்கள் நாங்கள்:
ஐந்து பேர், ஒரு காப்பி இயந்திரம்,
நான்கு பாகத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு
அவசர ஒப்பந்தம்.

பழைய நாடாக்களைச் சுட வேண்டும் என்றான் லெஸ்டர்.
விளையாடுகிறான் என்று நினைத்தேன்.
ஐம்பது வருட ஈரம் ஏறிய பசை,
அப்படியே ஓடவிட்டால் உரிந்துவிடுமாம்.
எட்டு மணி நேரம் இளஞ்சூடு.
பழம் வற்ற வைக்கும் பெட்டி ஒன்றைக்
கைக்காசு போட்டு வாங்கி வந்தான்.
ரசீதில் 'சமையல் சாமான்' என்றிருந்ததால்
மேலிடம் பணம் தர மறுத்துவிட்டது.

எழுபத்தாறு, பிப்ரவரி. பெட்டி எண் 212.
வெந்து இறங்கியதை மாட்டினேன்.
பெரிய பாடகர் மூன்றாம் முறையாகச் சுதி தப்புகிறார்.
டிரம்ஸ் நிற்கிறது. யாரோ இருமுகிறார்கள்.
பின்பாட்டு மைக்கில் ஒரு பெண்:
"போன வாரக் காசு என்னாச்சு, மிஸ்டர் கேட்ஸ்?
நாற்பது டாலர்.
கடைசி பஸ் பதினொன்று பத்துக்கு."
ஒரு சிரிப்பு. அவளுடையது அல்ல.
பிறகு ஒன், டூ, த்ரீ.
அடுத்த எடுப்பில்தான் பிறந்தது
கல்யாணத்துக்குக் கல்யாணம்
ஊர் போட்டு ஆடிய அந்தப் பாட்டு.
அதில் உச்சிக்கு ஏறும் 'ஓ' இருக்கிறதே,
காசு கேட்ட அதே தொண்டை.

இரண்டாம் பாகத்தின் நடுவில் வைத்தேன்.
படம் இல்லை, கறுப்புத் திரை மட்டும்.
பார்க்க வந்தவர்கள்
கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

சட்டப் பிரிவிலிருந்து மார்சலின் வந்தாள்.
"பாடியது நம்முடையது.
எக்காலத்துக்கும், பிரபஞ்சம் முழுமைக்கும்
என்று எழுதி வாங்கியிருக்கிறோம்.
பேசியது நம்முடையது இல்லை.
அதற்குத் தனிக் கையெழுத்து வேண்டும்."
ஆக,
சனிக் கிரகத்தில் ஒலித்தாலும்
அந்த 'ஓ' கம்பெனிக்கு;
'காசு என்னாச்சு' மட்டும் அவள் சொந்தச் சொத்து.

ஒஃபீலியா டன்மோர். டொலீடோ. வயது எழுபத்தேழு.
தெருக்காரர்களுக்கு
வருமான வரிப் படிவம் நிரப்பித் தருகிறாளாம்.
தொலைபேசியில் போட்டுக் காட்டினேன்.
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
"கொடுத்தானா? அதுவும் நாடாவில் இருக்கா?"
தெரியவில்லை என்றேன்.
"எனக்கும் ஞாபகமில்ல.
பஸ்ஸை விட்டது ஞாபகம் இருக்கு.
பாத்துச் சொல்லு, கையெழுத்துப் போடறேன்."

213, 214, 215.
சுட்டுச் சுட்டுக் கேட்டோம்.
பாட்டு, பாட்டு, பாட்டு.
கணக்குப் புத்தகங்களைத் தேடினேன்.
இந்த அறையில்தான் இருந்தனவாம்;
எண்பத்தெட்டில் கிழித்துக் கொட்டிவிட்டார்களாம்.

கம்பெனி ஐயாயிரம் தரச் சம்மதித்தது,
பேச்சுரிமைக் கட்டணமாக.
"ஐயாயிரம் எதுக்கு? நாற்பது போதும்.
எழுபத்தாறு, பிப்ரவரி, பாடினதுக்குன்னு
செக்கில எழுதச் சொல்லு."
மார்சலின் முகம் வெளிறிவிட்டது.
நாற்பதைக் கொடுத்தால்
கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டதாகும்.
அப்புறம் வட்டி. அப்புறம் ஒவ்வொரு பின்பாட்டுக்காரியும்.
ஐயாயிரத்துக்கு வழி உண்டு, நாற்பதுக்கு இல்லை.

மார்ச்சில் ஒளிபரப்பானது.
ஒலியைத்தான் எடுக்கச் சொன்னார்கள்;
கறுப்பை எடுக்கச் சொல்ல மறந்துவிட்டார்கள்,
நானும் நினைவூட்டவில்லை.
பதினேழு வினாடி, ஒரு சத்தமும் இல்லாமல்.
பழுதா என்று கேட்டு
இரண்டு நிலையங்கள் அழைத்தன.
பழுதுதான் என்றேன்.

இந்த வாரம் விருதுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
டன்மோர் தன் படிவத்தை எனக்கு அஞ்சலில் அனுப்பினாள்:
கையெழுத்துக் கோட்டின் மேல்
பென்சிலில் '$40', அடியில் இரண்டு கோடு.
அதைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.
லெஸ்டருக்குப் பழப்பெட்டிக் காசு
இன்னும் வரவில்லை.