முன்னூற்றுப் பத்து வோல்ட்

நொதி மதிலைத் தின்றுவிட்டது.
ஆட்டக்காரி நெல்லின் கலங்கள்
வெறும் தோலோடு மிதக்கின்றன.
ஊதினாலும் உடையும்.

வந்தாறுமூலையில் காலை எட்டரை.
ஐஸ் பெட்டிக்குள் கியூவெட்டுகள்;
இரண்டு அலுமினியச் சுவர்,
நடுவே நாலு மில்லிமீற்றர் குளம்.

முந்தநாள் ஐந்நூறு வோல்ட்:
கண்ணாடித்தட்டில் கஞ்சி.
நேற்று நூற்றைம்பது:
எல்லாரும் சுகம்,
ஒருவரும் கதவு திறக்கவில்லை.

இன்றைக்கு ஊர் மின்சாரம் ஏறி இறங்குகிறது.
கொள்ளளவிக்குக் கவலையில்லை,
தன் பங்கு நிரம்பும்வரை இருந்து
பீப் என்கிறது.

மூன்றாவது கியூவெட் 'டப்' என்று வெடித்தது.
தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பேரின்பநாயகம்
நாங்கள் திரும்புவதற்குள் மேசைக்கடியில்.
பிறகு எழும்பி, முழங்காலைத் தட்டி,
"டிஎன்ஏல உப்புக் கிடக்கும் புள்ள,
இன்னொருக்காக் கழுவுங்க" என்றார்.

உப்புத்தான்.
எழுபது வீத எதனோலில் மறுபடி கழுவினோம்.

மார்கழி வெள்ளத்துக்கு
முகத்துவாரத்து மணல்திட்டை
எந்த நாள் வெட்டுவது, எத்தனை முழம் வெட்டுவது என்று
கச்சேரியில் கூட்டம் வைப்பார்கள்.
பிந்தினால் வயல் அழுகும்.
அகன்றுபோனால் கடல் உள்ளே வரும்.
எங்கள் கூட்டத்துக்கு ரிஸ்மினாவும் நானும் மட்டும்.
வெட்டு இருபது மில்லிசெக்கன்.
தோல் தன்னைத்தானே தைத்துக்கொள்ளச்
சில நிமிடம்.
அதற்குள்
வளையமாய்ச் சுருண்ட ஒரு வாக்கியம்
உள்ளே போயிருக்க வேண்டும்.

இருநூற்றைம்பது. இருநூற்றெண்பது. முன்னூற்றுப் பத்து.
ஒவ்வொன்றுக்கும் பின்னால் பத்து நிமிடம்
ஐஸில், அசைக்காமல்.
ரிஸ்மினா பிப்பெற்றை
உறங்கும் பிள்ளையின் வாயிலிருந்து
விரலெடுப்பதுபோல் எடுத்தாள்.
சம்மாந்துறைக்குக் கடைசி பஸ்ஸை
அவள் விட்டது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் பின்னேரம்,
விளக்கணைத்து, நுணுக்குக்காட்டியில்:
முதல் தட்டில் இருட்டு.
இரண்டாவதில் ஒன்று, அதுவும் சந்தேகம்.
மூன்றாவதில்
நூறுக்குப் பதினொன்று பச்சை.
ரிஸ்மினா என் தோளில் அடித்தாள், உண்மையிலேயே வலித்தது.

பேரின்பநாயகம் குனிந்து
நெடுநேரம் பார்த்தார்.
"மின்னுறதெல்லாம் உயிரோட கிடக்கா?"
"ஓம்."
"மற்றதுகள்?"
"நாற்பத்துமூன்று சாவு.
மிச்சத்துக்குள் ஒன்றும் போகவில்லை.
எழுதியிருக்கிறோம்."
"எழுதினாச் சரி" என்று
சுவரில் தடவி
விளக்கைப் போட்டார்.

பச்சை போய்விட்டது.
நாளைக்கு இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.