இடாப்பில் இல்லாதது

கச்சேரி மதிலுக்கு எதிர்ப்பக்கம் கடை.
போட்டோகொப்பி, லமினேட்டிங், படிவம் நிரப்புதல்.
மூலையில், ஈரக்காற்றுக்குப் பயந்து
பொலித்தீன் போர்த்திய என் லினக்ஸ் பெட்டி.

மாசியில் ஒருநாள்
கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது.
ஜெசீமா என்று தட்டினேன்.
தாளில் ஜவும் கொம்பும்
கோபித்துக்கொண்ட தம்பதி மாதிரி.
கிண்ணியாவிலிருந்து வந்தவ
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
"இது நானில்லைத் தம்பி" என்றா.

அன்றிரவு மூல நிரலை இறக்கி
ஒரேயொரு வரி திருத்தி
நானே கம்பைல் செய்தேன்.
பாதியில் கரண்ட் போனது. திரும்ப முதலிலிருந்து.
விடியப்புறம், சீனக்குடாப் பக்கம் ரயில் கூவ,
கொம்பு முன்னுக்கு வந்தது.
பழைய லைப்ரரி இருந்த இடத்திலேயே
புதியதைக் குடிவைத்தேன். அவசரம்.
யாரிடமும் சொல்லவில்லை.

பேக்கேஜ் மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும்.
அதன் இடாப்பில் பழையதுதான் இன்னும் இருக்கிறது.
என்னுடையதைத் தேடினால்
"அப்படி ஒன்று நிறுவப்படவில்லை" என்கிறது,
என்னுடையது வரைந்து கொடுத்த
அதே தமிழெழுத்தில்.

ஆவணியில் அப்கிரேட் கொடுத்தேன்.
வெறுங்காணி என்று நினைத்துத்
தன் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது.
கொம்பு மறுபடி பின்னால்.
வாங்கில் மறுபடி ஜெசீமா.

இம்முறை முறைப்படி.
எந்தெந்தக் கோப்பு, எங்கெங்கே,
எதை நம்பி நிற்கிறது,
எல்லாம் எழுதிப் பொதியாகக் கட்டினேன்.
பதிப்பு எண்ணின் வாலில் ஒரு கூட்டல் குறி:
திருமலை ஒன்று.
பராமரிப்பவர்? என்று கேட்டது.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
கேதாரன் என்று என் பெயரைப் போட்டேன்.
இனி இதைத் தொடாதே என்று
ஒரு கட்டளையும்.

"என்ன செய்யிறீங்க?"
"உள்ளதை உள்ளதெண்டு பதியிறன்."
"ஒரு தாள் எழுதினா மெஷின் நம்புமோ?"
"நம்பும்."
அவ தன் பையைத் திறந்தா.
பதினொரு வருஷம் சோறாக்கிய வீடு;
இந்தக் கதவிலக்கத்தில் வீடேயில்லை
என்று எழுதிய கடிதம், நாலாய் மடித்து.
மூன்றாம் தடவை விண்ணப்பிக்கிறா.

பெயரை அச்செடுத்தேன்.
கொம்பு முன்னுக்கு, ஜ அதன் தோளோடு.
விரலால் தடவிப் பார்த்தா. மை காயவில்லை.
காசு எடுக்கவில்லை, அவ விடவுமில்லை;
ஐம்பது ரூபாய்த் தாளை
மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகிவிட்டு
வெயிலைக் குறுக்கே கடந்தா.

வாசலில் கோட்டைப் பக்கத்து மானொன்று
குப்பைக் கூடைக்குள் தலையை விட்டு
பிழையான ஜெசீமாவை
நிதானமாக மென்றுகொண்டிருந்தது.