கியூ நாற்பத்தியேழு

வெள்ளவத்தை மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால்
ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் கதிரை,
நீலத்துணி சுற்றிய சின்ன விளக்கு.
அங்கேதான் என் இருப்பு.
கடற்கரை ரயில் போகும்போது மேசை நடுங்கும்.
தாளில் எழுதிய நேரங்கள் நடுங்காது.

தாளில் எண்பத்திரண்டு கியூ.
கியூ என்று சொன்னால் இந்த ஊரில்
பெற்றோலுக்கு நின்றதுதான் ஞாபகம் வரும்.
பம்பலப்பிட்டியில் இரண்டு இரவு
ஸ்கூட்டியில் தலைவைத்துத் தூங்கியவள் நான்.
இதுவும் ஏறக்குறைய அதுதான்:
எண்பத்திரண்டு வெளிச்சங்கள்
ஒன்றின்பின் ஒன்றாய் நிற்கின்றன,
இடையில் ஒருவரும் புக முடியாது,
முறை வரும்வரை இருட்டு.

பாட்டு கனடாவிலிருந்து வந்தது.
மிருதங்கம், வயலின், பாடகி எல்லோரும்
ஸ்காபரோவில் ஒரு நிலவறையில் பதிவாகி
ஒரு பென்டிரைவுக்குள் சுருண்டு வந்து சேர்ந்தார்கள்.
ஆட்கள் நேரில் இருந்தால்
ஆடுகிறவள் பிந்தினால் இன்னோர் ஆவர்த்தனம் சுற்றிக் காப்பாற்றுவார்கள்.
பதிவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.
காலி வீதியில் நூறாம் இலக்க பஸ் மாதிரி,
ஏறினால் ஏறு, விட்டால் விடு.

கியூ நாற்பத்தியேழு.
நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி.
முழு இருட்டு, பிறகு பக்கவாட்டிலிருந்து
ஒரே ஒரு நீலம்,
கஜந்தினியின் இடக்கையில் மட்டும்.

நேரத்தை எழுதிவைத்தேனே தவிர
மணிக்கூட்டை ஒருநாளும் பார்த்ததில்லை.
சரணத்துக்கு முன் பாடகி மூச்சிழுப்பாள்.
பனிக்காலத்து மூக்கடைப்போடு ஒரு மூச்சு,
அதன் நுனியில் மெல்லிய விசில்.
விசிலில் என் விரல் இறங்கும்.
பதினொரு ஒத்திகையிலும் பிசகவில்லை.

நிகழ்ச்சியன்று பின்னேரம்
சவுண்ட் பார்க்கும் தினுக சிரித்துக்கொண்டு வந்தான்.
"அக்கே, இரைச்சல் முழுக்க கிளீன் பண்ணினேன்.
இப்ப கண்ணாடி மாதிரி."
நல்லது என்றேன். என்னென்ன போனது என்று கேட்கவில்லை.
இம்தியாஸ் நானா ஏணியில் நின்று
ஜெல் தாள் மாற்றியபடி சொன்னார்:
கரண்ட் போனால் ஜெனறேற்றர் பிடிக்க
பதினைந்து வினாடி எடுக்கும்.
என் பயமெல்லாம் அதில் இருந்தது.

கரண்ட் போகவில்லை.
போயிருந்தால் பழிபோட ஒன்று இருந்திருக்கும்.

இருட்டு விழுந்தது. விரல் பொத்தானில்.
காத்திருக்கிறேன்.
மூச்சு வரவில்லை.
மூச்சு இருந்த இடத்தில்
பினாயில் போட்டுக் கழுவிய வெறும் தரை.
பாடகி செத்துப்போனாளோ என்றுகூட நினைத்தேன்.
பைத்தியம்! அவள் இந்நேரம் அங்கே
காலைக் கோப்பியை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

சரணம் தொடங்கிவிட்டது.
குரல் கூரையில், மேடை கிணற்றில்.
நான்கு அட்சரம். ஐந்து.
சலங்கைச் சத்தமும் இல்லை.
அப்போதுதான் விளங்கியது:
அவளும் அந்த மூச்சுக்குத்தான் நிற்கிறாள்.
இவ்வளவு நாளும் ஒரே வாசலில் நின்று
இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

பிறகு ஒரு மணி.
ஒன்றே ஒன்று, குதி தரையை விட்டபோது.
அழுத்தினேன்.

எப்போதும் கை தயாராய் இருக்கும்,
வெளிச்சம் போய் அதைக் காட்டும்.
அன்று நீலம் வெறுங்காற்றில் விழுந்தது.
கொஞ்சம் பொறுத்து
எங்கிருந்தோ ஒரு கை அதற்குள் வந்தது,
மழைக்கு நீட்டுவதுபோல.

மூன்றாம் வரிசையில் யாரோ இருமியதை நிறுத்தினார்கள்.

சிவயோகம் ரீச்சர் இடைவேளையில் வந்து
நாற்பத்தியேழை அப்படியே வையுங்கோ என்றார்.
எப்படி வைப்பது?
தாளில் நேரத்தை வெட்டிவிட்டு
பென்சிலால் 'ஒரு மணி' என்று எழுதினேன்.
நாளைக்கு வாசிப்பவர் எவரும்
அதை இரவு ஒரு மணி என்று எடுக்கக்கூடும்.

மறுநாள் இரண்டாம் காட்சி.
தினுக வெட்கப்பட்டு, பழைய பதிவைத் தேடி
மூச்சைத் திருப்பி ஒட்டியிருந்தான்.
அது வந்தது, மூக்கடைப்போடு, விசிலோடு,
நேரம் பிசகாமல்.
இருட்டில் நானும் அவளும்
அதைப் போகவிட்டோம்.