கொடுக்கப்படாதது

மேல்மாடி. மின்விசிறியின் ஒரு சிறகு நெளிந்திருக்கிறது.
கீழே பஸ் நிலையத்தில் யாரோ
காங்கேசன்துறையைக் கூவிக் கூவி விற்கிறான்.
மனித உரிமை அலுவலகத்தில்
நாட்கூலிக்கு இரண்டு நாக்கு நான்.

யோகாம்பிகை பிஸ்கட் பையிலிருந்து
உறுதியை எடுத்தார்.
நாலு பரப்பு எட்டுக் குழி.
கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு,
வழிவாய்க்கால் பாத்தியதை,
வான்பயிர், தான்பயிர்.
தாய்க்குச் சீதனம், தாயின் தகப்பனுக்கு முதுசம்,
அதற்கும் முன் ஒல்லாந்தர் தோம்பில் ஒரு வரி.
இப்போது முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம்
அந்தக் கிணற்றடியில் ஓர் அரசங்கன்று,
சுற்றிவர வெள்ளைச் சுவர், ஐந்து நிறத்தில் கொடி.

சிங்களத்தில் சொன்னேன். பங்கு என்றால் பங்கு.
பாத்தியதையில் தடக்கினேன்.
உரிமை, உரித்து, பாத்தியதை: எங்களிடம் மூன்று,
அந்தக் கரைக்குப் போனால் மூன்றும் ஒரே அயிதிய.
உரித்து என்று எழுதும்போதெல்லாம்
எதையோ தோல் நீக்கிய மணம் வரும் எனக்கு.

எதிரே நந்தரதன ஹாமுதுரு.
இருபத்துநாலு வயது. மழித்த தலையில்
காதோரம் காய்ந்த ஒரு சவர வெட்டு.
படிவத்தில் நிரந்தர முகவரி கேட்டேன்.
நிரந்தரம் என்ற சொல்லுக்குச் சிரித்தார்.
பிறகு மொனராகலைப் பக்கத்து ஊரொன்றைச் சொன்னார்,
எழுத்துக்கூட்டி.

பியோன் வைத்துப்போன வெறுந்தேத்தண்ணி
அவர் முன்னால் ஆறியது.
குடியுங்கள் என்றார் அதிகாரி. தொடவில்லை.
நான் அம்மாவின் காதில் சொன்னேன்:
கையில் கொடுக்க வேணும். கொடாததை எடுக்கக் கூடாது,
அது அவையின்ர விதி.
அதின்னாதானா வேரமணி.

யோகாம்பிகை எழும்பினார். முழங்கால் ஒரு சத்தம் போட்டது.
இரண்டு கையாலும் கோப்பையை எடுத்து நீட்டினார்.
இரண்டு கையாலும் அவர் வாங்கினார்.
விசிறி நின்றது.
கரண்ட் போனது, வேறொன்றுமில்லை.

'சாமியிட்டைக் கேள்' என்றார் அம்மா,
'தேத்தண்ணிக்கு இருக்கிற சட்டம்
கிணத்துக்கு இல்லையோ?'

சின்ன வசனம். எழுவாய் பயனிலை எல்லாம் சரி.
ஆனாலும் தண்ணீர் கேட்டுக் குடித்து,
தொண்டையைச் செருமி,
அதிகாரி பேனாவால் மேசையில் தட்டிய பிறகுதான்
சொன்னேன்.

'எனக்குத் தந்தார்கள்.'
யார்?
'முகாமில் பெரியவர்.'
அவருக்கு?
'மேலிடம்.'
மேலிடத்துக்கு?
இது இருப்பதால் அது, அது எழுவதால் இது:
பிரிவெனாவில் பாடமாக்கிய சங்கிலியை
அவர் கண்ணுக்குள் எண்ணுவது தெரிந்தது.
ஒரு கண்ணியிலும் இந்த அம்மாவின் பெயர் இல்லை.

பிறகு மெல்ல:
'எதுவும் யாருடையதும் அல்ல, அம்மா.
இந்த உடம்பும்.'

பிழையில்லை. பழைய சொல், நல்ல சொல்.
கந்தரோடையில் சுண்ணக்கல் குவிமாடங்கள்
இந்தச் சொல்லின் மேல்தான் குந்தியிருக்கின்றன,
எங்கள் சனமும் காவி உடுத்த காலத்திலிருந்து என்று
சரித்திர வாத்தியார் சொல்லுவார்,
கதவைச் சாத்திவிட்டு.

அம்மா உறுதியை மடித்தார். மடிப்புத் தப்பியது.
திரும்ப விரித்து, திரும்ப மடித்தார்.
'அது நான் சொல்ல வேண்டிய கதையெல்லோ, சாமி.
என்ரை காணிக்குள்ள நிண்டு
நீங்கள் எனக்குச் சொல்லுறதோ?'

இதையும் அந்தக் கரை சேர்த்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரசங்கன்றை
யார் நட்டது என்று கேட்டிருந்தால்
சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்கவில்லை.
பதிவில் இரண்டு மொழிக்கும் பொதுவாக
ஒரு கோடு இழுத்தேன்.
கோட்டுக்குக் கட்டணம் இல்லை.

அடுத்த தவணை அடுத்த மாதம் பதினெட்டு.
படியிறங்கும்போது என் முழங்கையைப் பிடித்தபடி
அம்மா கேட்டார்:
'அந்தப் பிள்ளை குடிச்சதோ?'
குடிச்சவர், அடிமட்டும்.
'அது நான் குடுத்தது' என்றார்.
'எழுதி வை.'