ஒரு நாளைக்கு முந்நூறு டன்

முதல் தூண் நேராக உள்ளே போனது.
சம்மட்டி மூன்று அடிதான் அடித்தது.
பதினெட்டு மீட்டர் கான்கிரீட்டைச்
சேறு வாய் திறந்து வாங்கி
மூடிக்கொண்டது.
ஒரு குமிழி வந்தது. பிறகு ஒரு தவளை.

போத்தித் துறைமுகம் அப்படித்தான்.
ரியோனி ஆறு மலையிலிருந்து வாரிவந்து
கருங்கடல் வாயில் கொட்டியதன்மேல்
ஊரே நிற்கிறது.
ஆற்றின் குப்பைமேட்டில் குடியிருக்கிறோம் என்பான்
குராம், தூண்களை எண்ணுகிறவன்.
அன்று பதிவேட்டில் எழுதினான்:
ஒன்று. காணவில்லை.

இரண்டாவதை முதலாவதின் தலைமேல் அடித்தார்கள்.
அப்படியே நானூற்றுப் பன்னிரண்டு.
குளிர்காலம் முழுக்க அடி.
அலமாரியில் கிண்ணங்கள் நடந்தன.
மீன் ஏலக்காரர்கள்
அடிக்கும் அடிக்கும் நடுவே விலை சொல்லப் பழகினார்கள்.

கொதிகலன் ஏழாம் மேடையில் இறங்கியது,
தார்ப்பாய் போர்த்திய நோயாளி போல.
புகைபோக்கி வேண்டாமென்று கையெழுத்து வாங்கியவர்கள்
அதே தாளின் பின்பக்கத்தில்
வேலைக்கு மனு எழுதினார்கள்.
நானும்தான். மறைக்க என்ன இருக்கிறது.
எனக்கு எடைமேடை கிடைத்தது:
கண்ணாடிக் கூண்டு, கால்மாட்டில் ஒரு கணப்பு,
லாரி ஏறினால் துடிக்கும் சிவப்பு எண்கள்.

எல்லாம் எழுந்து நின்ற பிறகுதான்
யாரோ கணக்குப் போட்டார்கள்.
அடுப்புக்கு ஒரு நாளைக்கு முந்நூறு டன் வேண்டும்.
அணையவிடக் கூடாது.
அணைந்தால் மூட்ட எண்ணெய், எண்ணெய்க்குக் கடன்.
ஊர் கொடுத்தது நாற்பத்தொன்று.

யானைப் பசி.
எங்கள் வீடுகளில் சோளப்பொரியே
எண்ணித்தான் இருக்கிறது.

எதைப் போடுவோம்?
கண்ணாடிக் குடுவையில் புளிப்புப் பிளம் சாந்து.
எண்ணெய் டின்னில் தக்காளி நாற்று.
தேய்ந்த டயரில் படகு முட்டி நிற்கிறது.
கிழிந்த சட்டை ஜன்னல் இடுக்கில்,
மிச்சம் மீதி பன்றிக்கு.
பொறியாளர் தெக்லே வரைபடத்தைச் சுருட்டியபடி
திருட்டைக் கண்டுபிடித்தவள் குரலில் சொன்னாள்:
நீங்கள் போதிய அளவு எறிவதில்லை.

ஆகவே கப்பல் வந்தது.
வெள்ளை பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றிய பொதிகள்.
எந்த நாடென்று சீட்டில் இருந்தது.
எழுத மாட்டேன்.
எடைமேடையில் எல்லா நாடும் டன்தான்.

மார்ச் மழையில் ஒரு பொதி
கிரேன் கொக்கியிலிருந்து நழுவி வெடித்தது.
ரொட்டி.
துண்டு போட்டது, பச்சை பூத்தது,
ஆனால் உறை பிரிக்காதது.
முந்நூறு பொட்டலம் இருக்கும், நானூறு.

எங்கள் பக்கம் ரொட்டி கீழே விழுந்தால்
எடுத்து முத்தமிட்டு
சுவர்மேல் வைப்போம், பறவைக்கு.

கிரேன் நின்றது.
லம்சிரா ஏணியில் இறங்கினாள், நாற்பது மீட்டர்.
அவள் இறங்கி முடிக்கும்வரை
துறைமுகத்தில் ஒருவரும் திட்டவில்லை,
ஃபோர்மேன்கூட.
கையுறையைக் கழற்றினாள். குனிந்தாள்.
ஒன்றை எடுத்தாள்.

முத்தமிட்டாளா என்று
பலர் என்னைக் கேட்டுவிட்டார்கள்.
கூண்டுக் கண்ணாடியில் மழை வழிந்தது.
நான் பார்த்தது எண்களை:
இருபத்து மூன்று டன், நானூற்று அறுபது கிலோ.
ரொட்டி சேர்த்தா, நீங்கலாகவா
என்று சீட்டில் கட்டம் இல்லை.

அன்றிரவு ஊரில் விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை.
எட்டு மாடிக்கும் லிஃப்ட் ஓடியது.
குராம் தொலைபேசியில் சொன்னான்,
அந்த முதல் தூண்
இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும் என்று.
நான் சாப்பாட்டு மேசையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தேன்.

நல்ல வெளிச்சம்.
ஒவ்வொரு துகளும் தெரிந்தது.
விரலை நனைத்து
ஒற்றி ஒற்றி எடுத்தேன்.