என் எண்ணில் ஒருத்தி

தோனே அடுப்புக்குள் இடுப்புவரை குனிந்து
சுவரில் மாவை அறைந்தால்தான் ரொட்டி ஒட்டும்.
அப்படிக் குனிந்தபோதுதான் மார்புப் பையிலிருந்து
நழுவிக் கங்கின்மேல் விழுந்தது.
ஒரு தரம் மணி அடித்தது, பிறகு இல்லை.
அன்று சுட்ட நாற்பது ரொட்டியிலும் பிளாஸ்டிக் நாற்றம்.
ஜெமால் என் கூலியில் பிடித்துக்கொண்டான், ரொட்டிக்கு மட்டும்.
போனுக்கு வருத்தம் தெரிவித்தான்.

அடுத்த மாதம் வாங்கலாம் என்றிருந்தேன்.
அடுத்த மாதம் கூரை ஒழுகியது.
அதற்கடுத்த மாதம் பல்.
அப்புறம், உண்மையைச் சொன்னால், காசு இருந்தது.

கைதான் முதலில் கேட்கவில்லை.
கடைசி பஸ்ஸில் தூங்குகிறவன்
தன் நிறுத்தம் வந்துவிட்டதோ என்று திடுக்கிடுவதுபோல
மாவும் கையுமாகப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும்.

வங்கி ஜன்னலில் ஒரு பெண் சொன்னாள்:
உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம்,
அதைச் சொன்னால்தான் நீங்கள் லமாரா.
பாஸ்போர்ட்டைக் காட்டினேன். முகத்தைக் காட்டினேன்.
அடுத்த ஆள் வரலாம் என்றாள்.

வெள்ளைப் பாலத்தில் நாலு மணிக்கு என்றிருந்த சிசானா
ஐந்தேகாலுக்கு வந்தாள்.
அதுவரை கால் கடுக்க ரியோனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இதே குத்தாயிசியில் ஐம்பத்தொரு வருஷம்;
ஆறு இத்தனை சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது.
"ஏன் நீ போய்விடவில்லை?" என்றாள்.
போகிறேன் என்று உனக்கு எப்படிச் சொல்வது?
அதனால் நின்றேன்.

பதினோராம் மாதம், மழை.
மருந்துக்கடை மக்வாலாவின் மேசைப் போனில்
என் எண்ணையே அடித்துப் பார்த்தேன்,
சாம்பலுக்குள் மணி அடிக்குமா என்று, சும்மா.
அடித்தது.
எடுத்தவள் பெயர் தேக்லே. பதூமியில் மாலுமிப் படிப்பு.
மார்ச் மாதம் கம்பெனி அந்த எண்ணை அவளுக்கு விற்றதாம்.
"லமாராவா? நிஜமாகவே லமாராவா?
இருங்கள், நோட்டை எடுத்துவருகிறேன்."

பெயர் கூப்பிடும் டீச்சர்போல வாசித்தாள்:
மாவு மில், கணக்குத் தீரவில்லை.
பெயர் சொல்லாத குடிகாரன், பாடினான்.
சிசானா, பாலத்துக்கு வரத் தாமதமாகும் என்று.
(பழக்க தோஷம்.)
பிறகு நோதார், பத்தொன்பது முறை.

நோதார் என் தம்பி. போலந்தில் கட்டட வேலை.
அம்மாவின் வீட்டை விற்ற பணத்தில் பேச்சு அறுந்தது.
மூன்று வருஷம் போனைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தேன்,
அப்போதெல்லாம் அழைக்காதவன்.

"முதல் தடவை மூச்சு மட்டும்தான்," என்றாள்.
"நான் உங்கள் அக்கா இல்லை என்றேன், வைத்துவிட்டார்.
அடுத்த ஞாயிறு, நீ அக்கா இல்லைதானே என்று
நன்றாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டு
அதற்கப்புறம் பேச ஆரம்பித்தார்.
முதுகு வலி. அந்த ஊர்ப் பேரிக்காய்க்கு ருசியே இல்லை.
சின்ன வயதில் நீங்கள் கடித்த தழும்பு இன்னும் தோளில் இருக்கிறதாம்."

"கடித்தது அவன்," என்றேன்.

"எழுதிக்கொள்கிறேன்," என்றாள்.

பிறகு அவன் நம்பர் வேண்டுமா என்று கேட்டாள்.
மக்வாலா இருமல் மருந்துகளை
உயரவாரியாக அடுக்கத் தொடங்கினாள், ஏற்கெனவே அடுக்கியவைதான்.
ரசீதின் முதுகில் எழுதினேன்.
கடைசி இலக்கம் என் எழுத்தில் ஒன்றா ஏழா தெரியவில்லை.
திரும்பக் கேட்கவில்லை.

அழைப்புக்குக் காசு வேண்டாம்,
நாளை சூடாக இரண்டு ரொட்டி போதும் என்றாள் மக்வாலா.

இன்று சனி. மூன்றரைக்கு அடுப்பு மூட்டியாயிற்று.
ரசீது மார்புப் பையில்.
குனியும்போதெல்லாம் ஒரு கையால் பொத்திக்கொள்கிறேன்.
மறு கையால் அறைகிற ரொட்டி எல்லாம்
கோணலாக வருகிறது என்கிறான் ஜெமால்.