எழுபத்திரண்டு மணி

பர்லிங்டனில் பனி உருகிக்கொண்டிருந்த ஞாயிறு.
மின்கட்டண உறையைப் பிரித்து மேசையில் பரப்பி
வெள்ளைப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு இழுத்தேன்.
இடப்பக்கம் அயோவா, வலப்பக்கம் இலினாய்.
கோட்டுக்கு மிசிசிப்பி என்று பெயர்.

மார்னெலுக்கு அக்கரையில் வேலை கிடைத்திருக்கிறது.
கேல்ஸ்பர்க் ரயில் முற்றம், இரவுப் பணி,
மணிக்கு ஆறு டாலர் கூடுதல்.
நாற்பத்தைந்து மைல்தான். வீடும் பார்த்தாயிற்று.
எனக்குத்தான் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

என் பெட்டகம் அறுநூறு பவுண்டு.
உள்ளே இரண்டு ரைஃபிள், ஒரு வாத்துத் துப்பாக்கி,
இடுப்பில் செருகும் ஒன்று.
சாமான் வண்டிக்காரன் தொலைபேசியில் சொன்னான்:
பெட்டகத்தைத் தூக்குவோம்,
தோட்டாக்களைத் தொடமாட்டோம்.

இங்கே சட்டைக்குள் வைத்துக்கொண்டு
முட்டை வாங்கப் போகலாம்,
யாரும் காகிதம் கேட்பதில்லை.
அங்கே வைத்திருக்க ஓர் அட்டை,
எடுத்துச் செல்ல இன்னோர் அட்டை,
அதற்குப் பதினாறு மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும்.
நாற்பத்தெட்டு வயதில் எனக்கு வகுப்பாம்!
தோட்டா உறைக்குக்கூட எண்ணிக்கை உண்டு.
பாலத்தின் பாதியில் நான் வேறு ஆளாகிவிடுகிறேன்.
கீழே ஓடும் தண்ணீருக்கு இது தெரியாது,
கெளுத்தி மீனுக்கும் தெரியாது.

வலப்பக்கம் வரிசையாகப் பெருக்கல் குறி போட்டேன்.
கடைசி வரி:
வாங்கினால் கைக்கு வர எழுபத்திரண்டு மணி.
அதற்கு இரண்டு பெருக்கல் குறி.
பென்சில் முனை ஒடிந்தது.

மார்னெல் பூட்ஸைக் கழற்றாமல் நின்று படித்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
அந்தக் கடைசி இரண்டு குறிகளையும் தேய்த்தாள்.
காகிதம் கறுத்ததே தவிர அழியவில்லை.
பக்கத்தில் ஒடிந்த பென்சிலால் எழுதினாள்:
டோபின்.

அவள் தம்பி.
போன அக்டோபர், செவ்வாய்க்கிழமை.
கடை ரசீதில் மணி மூன்று பத்து.
ஆறு மணிக்கு இவளை அழைத்திருக்கிறான்,
இவள் பணியில் இருந்தாள், எடுக்கவில்லை.
புதன்கிழமை காலை ஷெரீஃபின் ஆள்
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
வாசலில் நின்றான்.

"கூட்டிப் பார்" என்றாள்.
கூட்டினேன்.
செவ்வாய் மூன்று பத்து, எழுபத்திரண்டு மணி,
வெள்ளி மூன்று பத்து.
வெள்ளிக்கிழமை அவன் இங்கே வருவதாக இருந்தது.
கூரை நீர்க்குழாயை மாட்டித் தருகிறேன் என்றிருந்தான்.
வாளியும் ஏணியும் எடுத்து வைத்திருந்தோம்.

"நிச்சயமாகத் தெரியாது" என்றேன்.
வேறு வழி தேடியிருப்பான் என்றேன்.
சட்டம் யாரைக் காப்பாற்றியது என்று
பாதி வாக்கியத்தில் என் குரலே எனக்குக் கேட்டது.
நிறுத்திக்கொண்டேன்.
"தெரியாது" என்று அவளும் சொன்னாள்.
"அந்தத் தெரியாததுதான் எனக்கு வேண்டும்.
மூன்று நாள் தெரியாமல் இருந்திருந்தால் போதும்."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.
வெளியே அதே நீர்க்குழாய்,
ஒரு முனை இன்னும் தொங்கிக்கொண்டு,
பனி அதில் நிற்காமல் சுவரோடு வழிகிறது.

நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.
அந்த அட்டைக்கு என் புகைப்படம் கேட்பது
இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.
குடியேறி அறுபது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டுமாம்,
அதையும் முணுமுணுத்துக்கொண்டே எழுதி வைத்தேன்.

சாமான் வண்டிக்காரன் மாலையில் மறுபடி அழைத்தான்.
எந்தக் கிழமை வரட்டும் என்றான்.
உறையைப் பார்த்தேன்.
கறுத்த இடத்துக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்து.
வெள்ளி வேண்டாம் என்றேன்.
வெள்ளிக்கிழமை ஏணியில் ஏற வேண்டியிருக்கிறது.